பூச்சி பெருகும் இடம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் எருமைப் பட்டிகளில் கன்று ஈனும் காலத்தில் இப்படியொரு கன்று கண்ணில் படாமல் இராது. பிறந்து மூன்று நான்கு வாரம் ஆகியிருக்கும். மற்றக் கன்றுகளை விட்டு ஒதுங்கி, வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து நிற்கும். வாலடியிலும் பின்னங்கால்களிலும் களிமண் நிறக் கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருக்கும். முகத்தருகே குனிந்தால் மூச்சில் ஊசிப்போன வெண்ணெயின் வாடை அடிக்கும். பூச்சி மருந்து பருக்கிய மறுநாள் சாணத்தோடு ஒரு சாண் நீளமும் அதற்கு மேலுமான வெள்ளைப் புழுக்கள் சுருள் சுருளாக விழும். அப்படி விழுந்த புழுவைக் குச்சியால் புரட்டிக்கொண்டே பட்டிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பாலத் தவிர வேற ஒண்டும் வாயில வைக்காத கண்டு சேர் இது. இந்தப் பூச்சி எங்கால வந்த?"

உயிரியல் படிப்பிக்கும் எனக்கு அந்தக் கேள்வி, வட்டமாக வரைந்து அம்புக்குறி இட்ட பாடநூல் படங்களை விடப் பயனுள்ளதாகப் பட்டது. அந்தப் படங்களில் ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்திலுள்ள எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில், ஒரே மதிப்போடு நிற்கின்றன. உண்மையில் ஓர் ஒட்டுண்ணியின் வாழ்வில் ஒன்று பலவாகும் இடங்கள் ஒன்றோ இரண்டோதான். மீதி இடங்களில் அது வளரும், இடம்பெயரும், அல்லது சும்மா காத்துக் கிடக்கும். பெருகும் இடம் எதுவென்று தெரிந்தால்தான் மருந்து எங்கே, எந்த நாளில் வேலை செய்யும் என்பதும் விளங்கும். நம்மிடையே பரவலாக உள்ள எண்ணம், பூச்சி வயிற்றுக்குள் குஞ்சு பொரித்துப் பெருகுகிறது என்பது. பெரும்பாலான குடற்புழுக்களைப் பொறுத்தவரை இது தவறு.

கன்றின் கதைக்கு வருவோம். அந்தப் புழுவின் பெயர் டொக்சோகாரா விட்டுலோரம். அது தாயின் பாலில் வந்தது. வளர்ந்த எருமை மேயும்போது மண்ணிலிருந்து இந்தப் புழுவின் முட்டையை விழுங்கினால், பொரித்து வெளிவரும் குடம்பி என்ற இளம்புழு அதன் குடலில் முதிர்ச்சியடைவதில்லை. குடற்சுவரைத் துளைத்து ஈரலுக்கும் தசைகளுக்கும் போய் அங்கே உறங்கிக் கிடக்கும். எருமை சினைப்பட்டு ஈனும் நாள் நெருங்கும்போது, தாயின் உடலில் ஏற்படும் மாற்றத்தோடு குடம்பிகளும் விழித்து, மடியை நோக்கி நகர்ந்து, ஈன்ற முதல் நாட்களின் பாலோடு கன்றின் வயிற்றுக்குள் இறங்கிவிடும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் அவை ஆணும் பெண்ணுமாக முதிர்ந்து கூடி, பெண்புழுக்கள் நாளொன்றுக்குப் பல்லாயிரக்கணக்கில் முட்டையிடத் தொடங்கும். கன்றுக்கு நான்கைந்து மாதம் ஆவதற்குள் அதன் உடல் எதிர்ப்புப் பெற்று அந்தப் புழுக்களைத் தானே வெளியேற்றிவிடும்.

அதாவது, இந்தப் புழுவின் இல்லறம் முழுவதும் பால்குடிக் கன்றின் சிறுகுடலில், சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. தாய் எருமையின் சாணத்தை நுணுக்குக்காட்டியில் எத்தனை தடவை பார்த்தாலும் முட்டை தென்படாது; ஆனால் நோயைச் சுமப்பது அதுதான். தாயின் தசைக்குள் உறங்கும் குடம்பிகளைச் சாதாரண பூச்சி மருந்துகளால் நம்பி அழிக்க முடியாது. எனவே, கன்று பிறந்து 10 முதல் 16 நாட்களுக்குள், பாலில் வரவேண்டிய குடம்பிகள் வந்து முடிந்து, ஆனால் ஒன்றாவது முட்டையிடத் தொடங்காத இடைவெளியில் மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கழிச்சல் கண்ட பிறகு கொடுத்தால் கன்று பிழைக்கலாம். பட்டி மண்ணில் அதற்குள் இலட்சக்கணக்கான முட்டைகள் விழுந்திருக்கும், அவை அடுத்த தலைமுறைத் தாய்களுக்காகக் காத்திருக்கும். (தயிர்ச் சட்டியைப் பற்றி யாரும் கலங்க வேண்டாம். நம்மவர்கள் பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் குடம்பி உயிரோடு இராது.)

மனிதக் குடலில் வாழும் வட்டப்புழு இதன் நெருங்கிய உறவு. அதன் பெண் ஒரு நாளில் ஏறத்தாழ 2 இலட்சம் முட்டை இடுகிறது. ஓராண்டு உயிர்வாழ்ந்தால் கணக்கு 7 கோடியைத் தாண்டும். இவ்வளவு முட்டையிட்டும் அது வாழும் குழந்தையின் வயிற்றில் புழுக்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடுவதில்லை. மலத்தோடு வெளியேறும் முட்டைக்குள் அப்போது ஒரே ஒரு கலம்தான் இருக்கும். அது நிழலும் ஈரமும் உள்ள சூடான மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் உள்ளே குடம்பி உருவாகும். புத்தம் புதிய முட்டையை விழுங்கினாலும் நோய் தொற்றாது. ஒரு பிள்ளையின் வயிற்றில் 20 புழுக்கள் இருந்தால், அந்தப் பிள்ளை குறைந்தது 20 முட்டைகளை வெளியிலிருந்து, கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ விழுங்கியிருக்கிறது என்பதே பொருள். ஆண்புழு இல்லாத குடலில் பெண்புழு தனித்திருந்தால் அது கருக்கட்டாத முட்டைகளையே இடும். அவை கருக்கட்டியவற்றை விட நீண்டு, ஓடு மெலிந்து, உள்ளே ஒழுங்கற்ற மணிகள் நிறைந்து தெரியும். ஆய்வுகூடத்தில் பழகிய கண்ணுக்கு அது ஒரு பார்வையில் பிடிபடும்: இந்தப் பிள்ளையின் வயிற்றில் பெண் மட்டும்தான்.

கொழுக்கிப் புழுவும் சாட்டைப் புழுவும் இதே ஒழுங்கில்தான் அடங்கும். கொழுக்கிப் புழுவின் முட்டை மண்ணிலேயே பொரித்து, குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது என்பது மட்டும் வேறுபாடு. கீரிப்பூச்சி சற்றுத் தந்திரமானது. அதன் பெண், பிள்ளை உறங்கிய பிறகு மலவாசலுக்கு வெளியே ஊர்ந்து வந்து, தன் உடலில் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைத் தோலில் ஒட்டிவிட்டு இறந்துவிடும். இந்த முட்டைகள் நான்கைந்து மணித்தியாலத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடுவதால், அரிப்பெடுத்துச் சொறிந்த விரல் விடியற்காலையில் வாய்க்குப் போனாலே போதும். இது உள்ளே பெருகுவதுபோல் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு முறையும் வெளியே வந்து நகக்கண் வழியாகத் திரும்பிப் போகிறது. குளிசை முட்டையைக் கொல்லாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு குளிசை போடச் சொல்வதும், வீட்டார் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

வயல் பக்கம் போனால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. ஈரல் பூச்சி என்று மாடு வளர்ப்போர் சொல்லும் தட்டைப்புழு, மாட்டின் பித்தக் குழாய்களில் இலை வடிவில் வாழ்கிறது. நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் காணப்படுவது அதன் பெரிய வகையான ஃபாசியோலா ஜைகான்டிகா. ஒவ்வொரு புழுவிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் சேர்ந்தே இருக்கும். முட்டைகள் பித்தத்தோடு குடலுக்கும், சாணத்தோடு நீருக்கும் வருகின்றன. இதுவரை வட்டப்புழுவின் கதைதான். முட்டையிலிருந்து மயிரிழைகளால் துடுப்புப் போட்டபடி வெளிவரும் மிரசீடியம் என்ற குடம்பி உணவு உண்ணாது. சுமார் ஒரு நாளுக்குள் தனக்கேற்ற நீர்நத்தையைக் கண்டுபிடித்துத் துளைக்காவிட்டால் இறந்துவிடும். துளைத்துவிட்டால் அங்கேதான் இந்தப் புழு நிகழ்த்தும் பெருங்காரியம் நடக்கிறது: அது ஒரு பையாக மாறி, அந்தப் பைக்குள் ரெடியா என்ற வாயும் குடலும் உள்ள குடம்பிகள் தோன்றி, அவற்றுக்குள் இன்னும் ரெடியாக்களும், கடைசியில் வாலுள்ள செர்க்காரியாக்களும் உருவாகின்றன. ஆண் பெண் சேர்க்கை எதுவும் இல்லாமல், ஒரே குடம்பி ஒரு நத்தைக்குள் நூற்றுக்கணக்கான நகல்களாகிவிடுகிறது. நத்தைக்கு இது மரணத்துக்கு ஒப்பான நிலை. அதன் இனப்பெருக்கச் சுரப்பியும் ஈரலும் புழுவின் உணவாகிவிடுவதால் அது தன் இனத்தைப் பெருக்கும் ஆற்றலை இழக்கிறது. நத்தை முட்டையிட வேண்டிய சத்தில் புழு பெருகுகிறது என்று சொன்னாலும் பிழையில்லை.

நத்தையிலிருந்து வெளியேறும் செர்க்காரியா, நீரில் நிற்கும் புல்லிலோ நெற்தாளின் அடியிலோ ஒட்டி, வாலை உதறி, கடினமான உறையைச் சுற்றிக்கொண்டு மாட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெரும்போகத்துக்கு வட்டைகளை உழுதவுடன் மாடுகளைக் காட்டோரத்து மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவதும், அரிவி வெட்டு முடிந்தபின் அரிதாள் மேயத் திருப்பிக் கொண்டுவருவதும் வழக்கம். மாரி முழுக்க நத்தைகள் பெருகிய வயலுக்கு, உறைபோட்ட குடம்பிகள் தாளின் அடியில் காத்திருக்கும் நேரத்தில், மாடு பசியோடு வந்து சேருகிறது. வயல் வெடிக்கும் அளவு காய்ந்துவிட்டால் குடம்பிகள் பெரும்பாலும் இறந்துவிடும். வாய்க்கால் ஓரமும், குளத்தின் அலைகரையும், தண்ணீர் வற்றாத பள்ளக்காணியும்தான் ஆபத்து. வைக்கோலுக்குத் தாளை அடியோடு அறுக்காமல் உயர்த்தி அறுப்பதும், ஈர வைக்கோலை நன்றாகக் காயவைத்துப் போடுவதும் செலவில்லாத தடுப்பு. மாட்டுக்கு மருந்து கொடுத்து முட்டையைக் குறைக்கலாம், ஆனால் ஒரு முட்டை தப்பினாலும் நத்தை அதை நூறாக்கிவிடும் என்பதால் வட்டப்புழுவில் கிடைக்கும் வெற்றி இங்கே கிடைப்பதில்லை.

மாட்டின் இரத்தக் குழாய்களில் வாழும் தட்டைப்புழுக்களும் உண்டு. தட்டைப்புழுக்களில் விதிவிலக்காக இவற்றில் ஆணும் பெண்ணும் தனித்தனி. ஆணின் உடலில் நெடுக ஓடும் பள்ளத்துக்குள் மெலிந்த பெண் படுத்தபடி வாழ்நாளைக் கழிக்கிறது. ஒரு மிரசீடியத்திலிருந்து நத்தைக்குள் உண்டாகும் செர்க்காரியாக்கள் எல்லாம் நகல்கள் என்பதால் அவை எல்லாம் ஆணாகவோ எல்லாம் பெண்ணாகவோதான் இருக்கும். மாட்டின் உடலில் குடும்பம் அமைய வேண்டுமானால் குறைந்தது இரண்டு வெவ்வேறு மிரசீடியங்களின் வழித்தோன்றல்கள் அதற்குள் சேர வேண்டும். இவை வழிதவறி, சேற்று நீரில் நிற்கும் மனிதனின் காலைத் துளைப்பதும் உண்டு. மனிதத் தோலைத் தாண்டி அவற்றால் வாழ முடியாது. அங்கேயே இறந்து, கடுமையான அரிப்பையும் சிவந்த தடிப்புகளையும் விட்டுவிடுகின்றன. ஆசியாவின் நெல்வயல்களில் நன்கு அறியப்பட்ட தோல்நோய் இது.

புழுக்களை விட்டு ஒற்றைக் கல உயிர்களுக்கு வந்தால், பெருகும் இடம் நம் உடலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் இதற்குச் சிறந்த சான்று. அனோஃபிலிஸ் நுளம்பு கடிக்கும்போது தோலுக்குள் இறங்கும் ஸ்போரோசோயிட்டுகள் என்ற தொற்றும் வடிவங்கள் சில பத்துகளே. அவை ஈரற் கலங்களுக்குள் புகுந்து, வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல், சுமார் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் பல ஆயிரமாகப் பிளவுபடுகின்றன. ஃபல்சிபாரம் வகையில் ஒரு ஸ்போரோசோயிட்டிலிருந்து 30,000 வரையும் வரலாம். பிறகு செங்குழியங்களுக்குள் 48 மணித்தியாலத்துக்கு ஒரு முறை பெருகல் நடக்கிறது. இலட்சக்கணக்கான செங்குழியங்கள் ஒரே வேளையில் வெடிக்கும்போதுதான் நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் அதை நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்று அழைத்தது ஒட்டுண்ணியின் இனப்பெருக்க நாட்காட்டியைத்தான் குறித்தது.

இவ்வளவு பெருக்கமும் இலிங்கமில் முறையில் நடப்பது. ஆண் பெண் சேர்க்கை மனித உடலில் நடப்பதே இல்லை. இரத்தத்தில் சில ஒட்டுண்ணிகள் பிளவுபடுவதை நிறுத்திக்கொண்டு புணரிகளைத் தரும் ஆண் அல்லது பெண் கமெட்டோசைட்டாக முதிர்ந்து, அசையாமல் காத்திருக்கின்றன. நுளம்பு இரத்தத்தை உறிஞ்சும்போது மனித உடலின் சூட்டிலிருந்து திடீரென்று சில பாகை குளிர்ச்சிக்கு அவை வந்து சேருகின்றன. நுளம்பின் குடலில் சாந்துரெனிக் அமிலம் என்ற ஒரு பொருளும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்ததும் ஆண் கமெட்டோசைட் தன் மரபுப்பொருளை மும்முறை இரட்டித்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சாட்டைபோல் சுழலும் 8 ஆண்புணரிகளை வெளித்தள்ளுகிறது. இந்த ஒரு காட்சிதான் மலேரியாவின் வரலாற்றையே தொடக்கிவைத்தது. 1880 நவம்பர் 6ஆம் திகதி அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சுப் படை மருத்துவர் அல்போன்ஸ் லவெரான், நோயாளியின் இரத்தத்துளி கண்ணாடித் தட்டில் ஆறிக்கொண்டிருந்தபோது அதில் சாட்டைகள் துள்ளிச் சுழல்வதைக் கண்டு, இது உயிருள்ள ஒட்டுண்ணி என்று உறுதி கொண்டார். துளி ஆறியதை ஒட்டுண்ணி நுளம்பின் வயிறு என்று எடுத்துக்கொண்டது என்பதுதான் விடயம். அந்தச் சாட்டை ஆண்புணரி என்பதை 1897இல் வில்லியம் மக்கெல்லம் காகத்தின் இரத்தத்தில் வாழும் ஓர் உறவு ஒட்டுண்ணியில் கருக்கட்டலை நேரில் பார்த்துக் காட்டினார். அதே ஆண்டு செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் நுளம்பின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியின் பைகளைக் கண்டார்.

நுளம்பின் குடலில் ஆண்புணரியும் பெண்புணரியும் சேர்ந்து உண்டான நுகம் என்ற கலம் சுவரைத் துளைத்து வெளிப்புறத்தில் பையாக ஒட்டிக்கொள்ள, அதற்குள் ஆயிரக்கணக்கான புதிய ஸ்போரோசோயிட்டுகள் உண்டாகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. இதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் வேண்டும். நுளம்பு அதற்கு முன் இறந்தால் எல்லாம் வீண். இலிங்கமுறை இனப்பெருக்கம் நடக்கும் உயிரே இறுதி விருந்துவழங்கி என்ற பாடநூல் விதிப்படி, மலேரியா நுளம்பின் ஒட்டுண்ணி. மனிதன் இடையில் வந்துபோகும் விருந்துவழங்கிதான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

இந்தக் கட்டங்கள் வெறும் பாடப்பொருள் அல்ல என்பதை இலங்கை பட்டுத்தான் அறிந்தது. 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தனர். 1963இல் நோயாளர் எண்ணிக்கை 17 என்று குறைந்து, ஒழிந்தது என்று மூச்சுவிட்ட சில ஆண்டுகளில், 1960களின் இறுதியில் 5 இலட்சத்தைத் தாண்டி மீண்டும் எழுந்தது. வைவக்ஸ் வகையின் சில ஸ்போரோசோயிட்டுகள் ஈரலில் பெருகாமல் மாதக்கணக்கில் உறங்குவன. இரத்தத்தைச் சுத்தமாக்கும் மருந்து அவற்றைத் தொடாது. காய்ச்சலைத் தரும் கட்டத்துக்கு ஒரு மருந்து, ஈரலில் உறங்கும் கட்டத்துக்கு 14 நாள் பிரிமாகுயின், ஃபல்சிபாரத்தில் நுளம்புக்குப் போகும் கமெட்டோசைட்டுக்கு அதே பிரிமாகுயினின் ஒற்றை வேளை என்று மருத்துவம் மூன்று கட்டங்களையும் தனித்தனியே குறிவைக்க வேண்டியுள்ளது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்தது. நுளம்பு ஒழியவில்லை. 2018 இறுதியில் அம்பாறைக்கு அடுத்த மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் இரத்தத்தில் இருந்த கமெட்டோசைட்டுகள் உள்ளூர் நுளம்பு வழியாக இன்னொருவருக்குத் தொற்றின. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் டெங்குப் பரிசோதனையோடு நிறுத்திவிடாமல் மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

யானைக்கால் புழுவும் நுளம்பு வழியாகவே பரவுகிறது, ஆனால் நுளம்புக்குள் அது பெருகுவதில்லை. உள்ளே போன ஒரு குடம்பி வெளியே வரும்போதும் ஒன்றுதான். ஆகவே ஒருவருக்கு நோய் நிலைகொள்ள மிகப் பல கடிகள் வேண்டும். மேல், தென், வடமேல் மாகாணங்களில் வேரூன்றியிருந்த அந்த நோய் 2016இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதற்கு இந்தப் பலவீனமும் ஒரு காரணம்.

பூனைக்கு வருவோம். மீன் சந்தைகளில் பூனைக்குப் பஞ்சமில்லை. டொக்சோபிளாஸ்மா என்ற ஒற்றைக் கல ஒட்டுண்ணி எலி, ஆடு, கோழி, மனிதன் என்று எந்தச் சூடான இரத்த உயிரிலும் பிளவுபட்டுப் பெருகும். ஆனால் ஆண் பெண் சேர்க்கை பூனையினத்தின் குடலில் மட்டுமே நடக்கும். ஏன் பூனை மட்டும் என்பதற்கு 2019இல்தான் நல்ல விடை கிடைத்தது. மற்ற விலங்குகளின் குடலில் உள்ள ஒரு நொதியம் பூனையின் குடலில் வேலை செய்வதில்லை. அதனால் லினோலெயிக் அமிலம் அங்கே மிகுதியாகத் தேங்குகிறது. அந்த அமிலத்தை உண்டே ஒட்டுண்ணி இலிங்கமுறைக் கட்டத்துக்குள் நுழைகிறது. எலிக்கு அந்த நொதியத்தைத் தடுத்து லினோலெயிக் அமிலம் கொடுத்தபோது எலியின் குடலிலும் அது நடந்தது. பூனை தன் முதல் தொற்றின்போது ஓரிரு வாரம் மட்டும் கோடிக்கணக்கான முட்டைபோன்ற உறைகளை மலத்தில் கழிக்கும். அவை மண்ணில் ஒன்று முதல் ஐந்து நாள் கிடந்த பிறகே தொற்றும். கர்ப்பிணிப் பெண் உள்ள வீட்டில் பூனையின் மலத்தை அன்றன்றே, வேறொருவர் அகற்றினால் போதுமானது. பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

குடற்புழு உடலுக்குள் பெருகாது என்று முன்னே எழுதினேன். அந்த விதியை மீறும் புழு ஒன்று உண்டு: ஸ்ட்ரொங்கிலொய்டிஸ். சிறுகுடலின் சுவருக்குள் வாழும் அதன் பெண் இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர் நீளமே இருக்கும். ஆண் துணையின்றியே முட்டையிடும். முட்டை குடலுக்குள்ளேயே பொரிக்கும். பெரும்பாலான குடம்பிகள் மலத்தோடு மண்ணுக்குப் போய், அங்கே சில ஆணும் பெண்ணுமாக ஒரு தலைமுறை சுதந்திரமாக வாழ்ந்து, பிறகு மனிதத் தோலைத் தேடும். ஆனால் சில குடம்பிகள் வெளியேறும் முன்பே தொற்றும் நிலைக்கு முதிர்ந்து, பெருங்குடலின் சுவரையோ மலவாசலைச் சுற்றிய தோலையோ துளைத்து மீண்டும் அதே உடலுக்குள் நுழைகின்றன. வெறுங்காலோடு சேற்றில் நடந்த ஒருவர், அந்த மண்ணை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும், எந்தத் தொந்தரவும் தெரியாமல் அதைச் சுமந்திருக்கலாம். மூட்டு வருத்தத்துக்கோ இழுப்புக்கோ ஸ்டீரொயிட் மருந்து தொடங்கி உடலின் எதிர்ப்புத் தளர்ந்தவுடன், அந்த உட்சுற்று கட்டுமீறி, குடம்பிகள் நுரையீரல் வரை பரவி உயிரைக் கொள்ளலாம். பாடசாலையில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சிக் குளிசையில் இந்தப் புழு முழுமையாகப் போகாது, ஐவர்மெக்டின் வேண்டும். வயலில் வேலை செய்தவர் நீண்டநாள் ஸ்டீரொயிட் தொடங்கும் முன், தன் தொழிலை வைத்தியரிடம் சொல்லி, இந்தப் புழுவுக்கு இரத்தமும் மலமும் பார்க்கக் கேட்க வேண்டும்.